கறவை மாட்டு விலையில் ஓர் இழைப்புளி

தச்சுச் சாமான் விற்கிற தொழிலில் சாமானைப் பிடிக்கத் தெரிந்தவன் கையில் காசு இருக்காது, காசு இருக்கிறவனுக்கு எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் கடைக்காரன் பெண்டாட்டி. புருசன் கடையில் உட்கார்ந்து பார்த்த அக்கா தங்கச்சிமாரே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் கடைசியில், மதுரை தெற்குவாசல் பக்கம் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் இழைப்புளியும் உளியும் கையாலேயே செய்வார். தோதகத்தி மரத்தில் கட்டை, பழைய லாரி வில்பட்டையைக் காய்ச்சி அடித்த தகடு, பித்தளைப் பூண். ஒன்றை முடிக்க மாசக்கணக்கில் ஆகும். விலையைச் சொன்னால், "ஏம்மா, இதுல பால் கறக்குமா?" என்பார்கள். அந்த விலைக்குக் கறவை மாடே கிடைத்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு வில்லாபுரத்து வீட்டில் குளிக்கிற அறைக்குக் கதவு கிடையாது. கீற்றுத் தட்டிதான். காற்றடித்தால் அதுவும் கிடையாது. தலைப்பிரசவம் முடிந்து என்னைக் கொண்டுவந்து விட்ட சித்தி, அந்தத் தட்டியைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலே பஸ் ஏறினாள். ஊருக்குப் போய், "கதவில்லாத வீட்டுல பொண்ணைக் கொடுத்துட்டோம்" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். இப்போது மகளுக்குக் காதுகுத்த நாள் வைத்தாயிற்று. அதே சித்தி, சனங்களோடு வரப்போகிறாள். அதற்குள் எனக்கு ஒரு கதவு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

கண்ணாடி பீரோவுக்குள்ளே

பேரம் பேசாமல் வாங்கியவர் ஒரு மில் மானேஜர். வெள்ளைத் துணியில் சுற்றித் தரச் சொல்லி, பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து, "தகடு மழுங்கியிருக்கும், தீட்டித் தரட்டுமான்னு கேட்டுட்டு வா" என்று என் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார். இடுப்பில் மகளோடு வேகாத வெயிலில் போனேன்.

ஹாலில் கண்ணாடி பீரோ. உள்ளே தலையாட்டிப் பொம்மை, ராமேசுவரத்துச் சங்கு, நடுவில் எங்கள் இழைப்புளி தலைகீழாக. "ஒரு தடவையாவது மரத்துல வச்சுப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டேன். மனிதர் பதறிப்போனார்.

"என்னம்மா நீ, மரத்துல வச்சுத் தேய்ச்சா கீறல் விழுந்துராது?"

எலுமிச்சம்பழம்

திருவாதவூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்காரர் உளி செட் வாங்கினார். எதற்கு என்று கேட்டால், "பங்காளி வீட்டுல வாங்கிட்டான்" என்றார். அதற்கு மேல் காரணம் அவருக்கும் தெரியாது, வாங்கின பங்காளிக்கும் தெரியாது.

ஆயுத பூசை முடிந்த வாரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். உளிகளைப் பலகையில் கொட்டினார். வாய்முழுக்கத் துரு. விசாரித்தால், ஒவ்வொரு உளிக்கும் சந்தனம் குங்குமம் அப்பி, முனையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி, பூசையறையிலேயே விட்டிருக்கிறார்கள். எலுமிச்சம்புளி இரும்பைத் தின்னும் என்று பொறுமையாகச் சொன்னேன். அதற்குள் தொட்டிலில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள், பட்டறையில் இருந்த என் வீட்டுக்காரரும் துருவைப் பார்த்துக் கிட்டத்தட்ட அழுதார். ரைஸ்மில்காரர் மட்டும் அசையவில்லை.

"எங்க வீட்டு அருவாமனை, மில்லு மோட்டாரு எல்லாத்துக்கும்தான் பழம் வச்சோம். உங்க இரும்புக்குத்தான் சாமி பக்தி இல்ல!"

கதவு செய்ய வந்தவர்

காதுகுத்துக்கு நாள் நெருங்கவும் நானே ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு வந்தேன். வீட்டில் காப்பி கொடுத்து, அளவு எடுக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் என் வீட்டுக்காரர் அவருடைய இழைப்புளியைப் பிடுங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அடிப்பக்கம் குழி விழுந்திருக்குய்யா. இதை வச்சா இத்தனை வருசம் பொழச்ச?" என்கிறார். ஆசாரிக்கு முகம் செத்துப்போனது.

அப்புறம் என்ன, இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டையைத் தேய்த்து, தகட்டைத் தீட்டி, பொழுது சாய்கிறவரை அதே வேலை. மத்தியானச் சோறும் நான்தான் போட்டேன். கடைசியில் ஆசாரி தகட்டைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பையில் வைத்துக் கிளம்பிவிட்டார். "அண்ணே, கதவு?" என்று பின்னாலேயே ஓடினேன்.

"கோவிச்சுக்கிராத தாயி. புதுசாக் கூர் ஏத்துனதை முதன்முதல்ல குளிக்கிற ரூமுக் கதவுல வச்சா, அப்புறம் எனக்கு வேலை விளங்குமா?"

சும்மா பார்க்கிறவர்

இன்னோர் ஆசாரி இருந்தார். மீசைக்காரர். நல்ல வேலைக்காரர், கடைக்குத் தினமும் வருவார். "இழைப்புளி வாங்கலாம்னு இருக்கேன் மதினி. நம்ம பலகையில ஓடுதான்னு சும்மா பார்த்துக்கிறேன்" என்று கக்கத்திலிருந்து ஒரு பலகையை எடுப்பார். சர்சர்ரென்று இழைப்பார். சுருள் அப்பளப்பூ மாதிரி வந்து விழும். "அடடா!" என்பார். பலகையோடு போய்விடுவார். மறுநாள் வேறு பலகை.

என் வீட்டுக்காரருக்கோ பெருமை தாங்காது. "அருமை தெரிஞ்ச மனுசன்" என்பார். அந்த அருமை தெரிந்த மனுசன் விட்டுப்போன சுருளை அள்ளிக் கொட்டுவது நான். அதை வாயில் வைத்துக்கொண்ட மகளைத் துரத்துவதும் நான். ஒருநாள் எதிர்க்கடைக்காரர் சொல்லித்தான் விசயம் தெரிந்தது: மீசைக்காரர் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு எட்டு சன்னல் செய்யக் குத்தகை எடுத்திருக்கிறார். ஏழு சன்னல் எங்கள் கடையிலேயே இழைத்தாயிற்று! மறுநாள் வந்தவரை வழிமறித்து, "வாங்குறீங்களா இல்லையாண்ணே?" என்று நேராகவே கேட்டேன்.

"அவசரப்படாதீக மதினி. இன்னும் ஒரு சன்னல்தான் பாக்கி, அதையும் பார்த்துட்டுச் சொல்லிப்புடுறேன்."

என் பலகை

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. மரக்கடையில் கதவளவுக்குத் தேக்குப் பலகை வாங்கிக் கடையில் போட்டேன். "இனிமே யாரு பார்க்கணும்னாலும் இந்தப் பலகையிலதான் பார்க்கணும். வெளிப் பலகை உள்ளே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

வந்தார்கள் பாருங்கள்! ஆசாரிமார் வந்தார்கள், காலேசு வாத்தியார் வந்தார், பஸ்ஸுக்கு நின்றவர் வந்தார். திருப்பரங்குன்றத்துக்குச் சாமி கும்பிடப் போன ஒரு குடும்பம் வந்து, தாத்தா முதல் மருமகப்பிள்ளை வரை வரிசையில் நின்று இழைத்துவிட்டுப் போனது. ஒருத்தரும் வாங்கவில்லை. எனக்கென்ன, பலகை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இன்னும் விட்டால் முறமாகிவிடும் என்று தொட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மீசைக்காரரைப் பிடித்து, "ஏழு சன்னலுக்குக் கூலி" என்று சொல்லிக் கதவாகச் சேர்த்து மாட்ட வைத்தேன். மனிதர் வேலையை முடித்து, கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டுப் பேரு இழைச்சும் ஒருத்தன்கூட வாங்கலையா மதினி? ஊர்ல மனச்சாட்சியுள்ள மனுசனே இல்லாமப் போயிட்டான்!"

சித்தி குளித்தாள்

காதுகுத்துக்கு முதல் நாளே வேன் நிறைய சனம் வந்து இறங்கியது. சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன். என் வீட்டுக்காரர் கதவு மாட்டின அன்றிலிருந்து மெழுகு போட்டுத் தேய்த்ததில், சித்தியின் மூக்குத்தி அதில் பளிச்சென்று தெரிந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அந்த நிமிசம் போதும் போலிருந்தது.

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போனவள் திகைத்து நின்றுவிட்டேன். கதவு சுவரோடு சுவராக அகலத் திறந்து கிடக்கிறது. கதவின் மேல் என் கலியாணப் பட்டுச் சேலையைப் போர்த்தியிருக்கிறார்கள். வாசலில் ஊரிலிருந்து வந்த அத்தையும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்து நிற்க, உள்ளே சித்தி மொண்டு மொண்டு ஊற்றுகிறாள். "சித்தி! கதவைச் சாத்திக்கிட்டுக் குளியேன்! தேக்குக்குத் தண்ணி ஒண்ணும் செய்யாது!" என்று கத்தினேன். போர்வைக்கு மேலே சோப்பு நுரையோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"போடி கூறுகெட்டவளே, இம்புட்டு வழுவழுன்னு இருக்கிற கதவு மேல சோப்புத் தண்ணி தெறிச்சா மனசு ஆறுமா? நீ அங்கிட்டுத் திரும்பி நில்லு, நான் குளிச்சுட்டு வாரேன்."

அருமையாகச் சாமான் செய்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டால் ஊரே மெச்சுகிற மாதிரி எல்லாம் அமையும், என்ன, நாம் குளிப்பது மட்டும் வெட்டவெளியில்தான்.