தேரோட்டத்தன்று வெயில் கரெண்ட்

முந்நூற்று அறுபத்து நான்கு. ஆண்டில் இத்தனை நாள் பரிபூரணம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரு நாள் ஆடிப்பூரம்.

பரிபூரணத்துக்கு வயது நாற்பத்தாறு. ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்பு சூப்பர்வைசர். பதினெட்டு வயதில் நூல் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இடையில் ஐ.டி.ஐ. முடித்து, டெஸ்டரைக் கையில் எடுத்தவர். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குப் பல் கூசும். காற்றுக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், இத்தனை எந்திர இரைச்சலுக்கு நடுவில் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவுவார். குமிழி கிளம்பியதும், "சொன்னேம்லா?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை நடுவில் எழுந்துபோய், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த நான்கு டியூப்லைட்டுகளை அணைத்தார். அதன்பிறகு சாமியார் பிரசங்கத்தையும் சுருக்கிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு.

இப்படிப்பட்டவரை இரு நகர எரிசக்தி ஒத்துழைப்புக் குழு விட்டுவைக்குமா? ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டது. ராஜபாளையத்தில் எந்திரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகு எரிக்கும் பால்கோவா அடுப்புகள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து வைப்பது என்பதுதான் குழுவின் நோக்கம். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒத்துழைக்க முடிவெடுப்பதற்குப் பதினோரு கூட்டங்கள் ஆயின. எல்லாம் ஏ.சி. அரங்கில், திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தன. பரிபூரணம் ஒவ்வொரு முறையும் திரையை விலக்கி விளக்கை அணைப்பார். போட்டோகிராபர் ஒவ்வொரு முறையும் மறுபடி போடுவார்.

குழுத் தலைவர் சுப்புராஜ், பரிபூரணம் வேலை பார்க்கும் ஆலையின் மேலாளர். அவருடைய திட்டம் எளிமையானது. பதினோரு பால்கோவா கடைகளின் மாடியில் சோலார் பேனல், சமையல்கட்டில் தானாகக் கிண்டும் மின்சாரக் கொப்பரை. ஒரே நிபந்தனை, விறகடுப்பை இடித்துவிட்டுப் போட்டோ அனுப்ப வேண்டும். முதல் கடை வெற்றி பெற்றால் மற்ற பத்துக் கடைகளிலும் கையெழுத்து வாங்கலாம். இல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். அந்தப் பத்துக் கையெழுத்துக்காகப் பரிபூரணம் ஐந்து மாதம் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினார்.

முதல் கடை இசக்கியம்மாளுடையது. முப்பது வருடம் புகையில் நின்றவர். இனி ஒரு வருடம் நின்றாலும் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் சம்மதித்தார்.

"மேடம், எனக்கு இருக்கது இந்த ரெண்டு அடுப்புத்தான். இடிச்சிட்டா பொறவு ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடுங்க."

"நான் இருக்கேம்லாக்கா" என்று சொல்லி, முதல் சம்மட்டி விழும்போது போட்டோ எடுத்தவர் பரிபூரணம்தான்.

அடுத்த கடை நவநீதகிருஷ்ணனுடையது. ஆறு அடுப்பு வைத்திருந்தார். ஒன்றைக்கூடத் தொடவிடவில்லை.

"வெயில் அடிக்காட்டா?"

"லைன் கரெண்ட் வரும் அண்ணாச்சி."

"அதுவும் வராட்டா?"

"ரெண்டும் ஒண்ணாப் போற நாளு ஒண்ணு காட்டுங்க, பாப்பம்."

நவநீதகிருஷ்ணன் செத்த நேரம் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் அப்படி ஒரு நாள் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடிப்பூரத் தேருக்கு வேண்டியதை முந்தின நாளே கிண்டி முடித்துவிடுவார்கள். தேரன்று கிண்டுகிற ஆட்கள் எல்லோரும் வடம் பிடிக்கப் போய்விடுவார்கள். பரிபூரணத்துக்கு இது வீண் என்று பட்டது. கிண்டுவதற்கு எந்திரம் இருக்கிறது. தேர் பார்க்க வரும் கூட்டத்துக்கு எதிரில் சுடச்சுட இறக்கினால் பத்துக் கடைக்காரர்களும் பார்ப்பார்கள். சுப்புராஜுக்கு யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்து மாவட்டங்களிலிருந்து விருந்தினர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஆடிப்பூரத்தன்று ஏழு மணிக்கு வன்னியம்பட்டியிலிருந்து முந்நூறு லிட்டர் பால் வந்து இறங்கியது. கொப்பரைகள் சூடேறின. துடுப்புகள் சுழன்றன. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தேர் புறப்படும் வெடிச்சத்தம் கேட்டது. துடுப்புகள் நின்றன.

வெளியே ஆடி வெயில் கண்ணைக் கூச வைத்தது. மாடியில் பேனல்கள் பளபளவென்று சும்மா கிடந்தன.

"இது என்னக்கா, லைன்ல கரெண்ட் இல்ல?"

"தேர் வருதுல்லா. வயரை இறக்கிக் கட்டுவாக. மத்தியானம் வரைக்கும் வராது. வருசா வருசம் நடக்கதுதான்."

"இத ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"இது ஊருக்கே தெரிஞ்ச சேதியாச்சே. நீங்கதான் வெயில் கரெண்ட்டுன்னீக. வெயிலை எவன் கட் பண்ணுவான்னு நான் நெனச்சேன்!"

வெயிலைக் கட் பண்ணியது மாடிப்படி அருகில் இருந்த ஒரு பெட்டி. லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் பேனலையும் அது நிறுத்திவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைப் பேனலின் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். பரிபூரணம் அதைப் படித்திருந்தார், பார்த்ததில்லை. ஆலையில் கரெண்ட் போனால் பத்து விநாடியில் ஜெனரேட்டர் வந்துவிடும், பேனலும் அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும். தேரோட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருடமாக ஆடிப்பூர விடுமுறைதான் ஆலையில் எந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கிற நாள். ராஜபாளையத்துக்குத் தெரிந்த பாதியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெரிந்த பாதியும் பதினோரு கூட்டங்களில் அருகருகே உட்கார்ந்து டீ குடித்திருக்கின்றன. பேசிக்கொள்ளவில்லை.

இசக்கியம்மாள் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி பரிபூரணம், இன்னும் ஒரு மணி நேரத்துல இது திரிஞ்சிரும். ஏதாவது பண்ணுட்டி!"

பரிபூரணம் பக்கத்துக் கடைக்கு ஓடினார். நவநீதகிருஷ்ணன் நெற்றி நிறைய நாமத்தோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே எல்லாம் கிண்டி முடித்திருந்ததால் ஆறு அடுப்பும் காலி.

"அந்த ஒரு நாளைக் கண்டுபிடிச்சிட்டீங்களாம்மா?"

"அண்ணாச்சி, பேச்சு பொறவு. அடுப்பைக் குடுங்க."

"அடுப்பு இருக்கு, ஆளு? அம்புட்டுப் பேரும் வடத்துல கிடக்கான்."

"நான் இருக்கேன்."

"நீங்க சுவிட்ச் போடுற ஆளு. துடுப்புப் போடுவீங்களா?" என்றவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகை இழுத்துப் போட்டிருந்தார்.

பால் கொப்பரைகளிலிருந்து அவருடைய ஆறு சட்டிகளுக்கு மாறியது. இசக்கியம்மாளும் பின்னாலேயே துடுப்போடு வந்தார். பரிபூரணம் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு அவரை வாசலுக்கு அனுப்பினார்.

"புகைக்குள்ள வந்தீங்கன்னா டாக்டர் என்னையத்தான் ஏசுவாரு. அங்கன நின்னு பக்குவம் மட்டும் சொல்லுங்கக்கா."

"அடியோட சேத்துக் கிண்டுட்டி! மேலாப்புல தடவுத? மூணாவது சட்டில தீயத் தள்ளு. அங்க இல்ல, இங்க!"

மூன்று சட்டிக்கு நவநீதகிருஷ்ணன், மூன்று சட்டிக்குப் பரிபூரணம். ஆலையில் ஒரு பல்பு வீணாக எரிந்தால் பொறுக்காதவர், இரண்டு மணி நேரத்தில் புளியமரத்தில் ஒரு கிளை அளவுக்கு எரித்தார்.

பத்தேகாலுக்கு விருந்தினர்களோடு சுப்புராஜ் வந்து சேர்ந்தார். இசக்கியம்மாள் கடையில் யாரும் இல்லை. புகை வந்த திசையில் போனார். அவருடைய ஒருங்கிணைப்பாளர் கரி அப்பிய முகத்தோடு அடுப்புக்குள் கட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா நடக்கு இங்க?"

பரிபூரணம் வாயைத் திறக்கும் முன் நவநீதகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "ஒத்துழைப்பு சார்."

விருந்தினர்கள் சூடான பால்கோவாவை வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள். மாடியில் பேனலைப் பார்த்தார்கள், கீழே பால்கோவாவைப் பார்த்தார்கள், இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் கேட்கவில்லை. முந்நூறு லிட்டரில் ஒரு சொட்டும் கெடவில்லை. மதியம் தேர் நிலைக்கு வருவதற்குள் இசக்கியம்மாள் கடையில் அத்தனையும் விற்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்து நவநீதகிருஷ்ணனே கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போடுதேன். பாக்கி ஒம்பது கடையும் போடும், நான் பேசிட்டேன். ஆனா அடுப்பை இடிக்க மாட்டோம். ஒரு கடைக்கு ஒண்ணாவது நிக்கணும்."

"தேர் அன்னைக்கு ஒரு நாளைக்கா?"

"அந்த ஒரு நாளைத்தானம்மா நீங்க காட்டச் சொன்னீங்க."

பரிபூரணம் நிபந்தனையைத் திருத்தி எழுதினார். சுப்புராஜ் பன்னிரண்டாவது கூட்டத்தில், திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒப்புதல் கொடுத்தார். பேட்டரி வைப்பது பற்றிப் பதின்மூன்றாவது கூட்டத்தில் பேசுவதாக முடிவானது. புதிய நிபந்தனைப்படி அடுப்பு இல்லாத ஒரே கடை இசக்கியம்மாளுடையது.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே கொத்தனார் வருகிறார். ஓர் அடுப்பும், கூரைக்கு மேல் நீளும் புகைபோக்கியும் கட்ட வேண்டும். புகைபோக்கியின் நிழல் பேனலில் விழாத இடத்தைப் பரிபூரணம் சாக்பீஸால் குறித்துவைத்துவிட்டு, அன்றைக்கு ஆலைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.