பொன்னுருக்குக்குப் போன வான்

கருகிய ரப்பர் மணம் பட்டால் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் திருத்தம் படிப்பிக்கிறவனுக்கு இப்படி ஒரு வியாதி. இயந்திரத்தின் பெல்ட் பற்றிய பாடம் வரும் நாளில் பலகையில் கப்பிகளை வட்டம் வட்டமாகக் கீறிவிட்டு, ஓடும்போது பெல்ட் அறுந்தால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று கேட்பேன். "உடனை நிப்பாட்டவேணும் சேர்" என்று வகுப்பே ஒரு குரலில் சொல்லும். சரியான விடைதான். அதைக் கேட்டதும் எனக்கு என் மேலேயே ஒரு அருவருப்பு வந்துவிடும். பலகையைத் துடைக்கும் சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் ஊர் வான் சாரதியை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். சண்டிலிப்பாயில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. புகையிலைத் தோட்டத்தைக் கைவிட்டு, ஒரு பழைய வானை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணவீடோ செத்தவீடோ ஆசுபத்திரியோ, எங்கள் ஊருக்கு அந்த வான்தான். எண்ணெய் மாற்றும் நாளை ஒருநாளும் பிந்தவிடமாட்டார். இயந்திரத்தில் ஏதாவது புதுச் சத்தம் கேட்டால் என் வீட்டுப் படலையில் வந்து நின்று, "மாஸ்டர், ஒருக்கால் வந்து காது குடுத்துப் பாருங்கோவன்" என்பார். மூன்று பெண் பிள்ளைகள். அந்த வானைத் தவிர வேறு உழைப்பு இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும்.

என் மனைவியின் தங்கைக்கு இரண்டு சம்பந்தங்கள் குழம்பி, மூன்றாவது பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை பருத்தித்துறை. கல்யாணத்துக்கு முன்னர் தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். பெண் பகுதியாரும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்கவேண்டும். வெள்ளிக்கிழமை. பத்தேகாலுடன் நல்ல நேரம் முடிகிறது, பத்தரைக்கு ராகு காலம். வானுக்குள் ஒன்பது பேர், மடியெல்லாம் வெற்றிலைத் தட்டமும் பலகாரத் தட்டமும். முன்னிருக்கையில் நானும், மனைவியின் பெரியப்பாவும். அவரை நான் பெரிய மாமா என்பேன். அந்தக் குடும்பத்தில் அவர் இருமினால்கூட நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

அச்சுவேலி தாண்டி வல்லை வெளிக்குள் இறங்கினோம். இரண்டு பக்கமும் வெறும் உவர்த்தரை, ஒதுங்க ஒரு மரமில்லை. திடீரென்று காலுக்குக் கீழே ஏதோ சாட்டையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். பற்றரியின் சிவப்பு விளக்கு பற்றியது. வெப்பமுள் மெல்ல எழும்பத் தொடங்கியது. அண்ணை உடனே வானைக் கரையில் நிறுத்தினார்.

அந்த வானுக்கு இயந்திரம் முன்னிருக்கைக்குக் கீழே. இருக்கையைத் தூக்கவேண்டும், இறங்குங்கள் என்றார். நான் இறங்கினேன். பெரிய மாமா இறங்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போகேக்கை நடுவழியிலை இறங்கிறதோ?" என்று சொல்லி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருக்கைக்கு மேலால் ஏறிப் பின்பக்கம் போய் விழுந்தார். ஒரு தட்டத்துப் பாக்கெல்லாம் சிந்தியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை.

அண்ணை இருக்கையைத் தூக்கியதும் அந்த மணம் முகத்தில் அடித்தது. பெல்ட் நார் நாராகக் கிழிந்து விசிறியோடு சுற்றிக்கிடந்தது. சீலைத்துண்டால் பிடித்து இழுத்து என்னிடம் காட்டினார். "பெல்ட் அறுந்துபோட்டுது மாஸ்டர்."

"வாயைக் கழுவடா!" உள்ளேயிருந்து பெரிய மாமா கத்தினார். "தாலிக்குப் பொன்னுருக்கப் போற நேரம் அறுந்தது தெறிச்சது எண்டுகொண்டு."

அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டார். தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் அந்தப் பெல்ட்தான், இனி ஓடினால் இயந்திரம் இறுகிப்போகும் என்று விளங்கப்படுத்தினார். "அச்சுவேலிக்கு ஓடிப்போய் ஒண்டு வாங்கியந்து போட்டால் முக்கால் மணித்தியாலத்திலை வெளிக்கிடலாம்." அதற்குள் நேரம் போய்விடும். என் மனைவிதான், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னால் ஒரு வாகனம் அனுப்புவார்களே என்றாள்.

"பொம்பிளை பகுதி அவையின்ரை வாகனத்திலை போய் இறங்கிறதோ? நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? தண்ணியை ஊத்திப்போட்டு மெல்ல ஓட்டச் சொல்லு உவனை. ஏழு கட்டை தூரந்தானே கிடக்கு."

அண்ணை பெரிய மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "மாஸ்டர், உதைப் படிப்பிக்கிறது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. ஓடலாமோ?"

ஓடக்கூடாது. பம்பு சுற்றாவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை என்பதை என் மாணவனை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். நான் பெரிய மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது சம்பந்தமும் மருமகனின் வாயால் குழம்பியது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டக்கூடிய முகம் அது.

"மெதுவாய் ஓடினால் போகலாம் அண்ணை" என்றேன்.

"நீங்கள் சொன்னால் சரி" என்று ஏறி உட்கார்ந்தார்.

வல்லைப் பாலத்தைத் தாண்டினோம். அண்ணையின் கண் வெப்பமுள்ளிலேயே இருந்தது. இரண்டு மைல்கூட ஓடியிருக்காது, உரலுக்குள் கல்லைப் போட்டு இடித்ததுபோல் சத்தம் வந்தது. வான் உலுப்பி நின்றது. புகைக்குள் இருந்தபடி ஒரேயொரு தடவை திறப்பைத் திருப்பி இயக்கிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தது யார் தெரியுமோ? பெரிய மாமாவேதான். இருபது நிமிடத்தில் வாகனம் வந்தது. தட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எங்கள் கையில் தந்தவர் அண்ணை. அவரை அந்த வெயிலில் விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பொன் உருகியது. "உவன்ரை வான் ஒரு கிழட்டுச் சாமான், ஒழுங்காய்ப் பாக்கிறேல்லை" என்று பெரிய மாமா சபையில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்து பயற்றம் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். அவரை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பவேண்டும்போல் இருக்கிறது. என்றாலும் அந்த மனுசனுக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வான் பிறகு பழைய இரும்புக்குத்தான் போனது. அண்ணை இப்போது மரக்கறி ஏற்றும் ஒருவருடைய லொறிக்குச் சாரதி. சுன்னாகம் சந்தையடியில் கண்டால் முன்னைப்போலவே சுகம் விசாரிப்பார். நான் அவசரமாகப் போவதுபோல் போய்விடுவேன்.

அதற்குக் காரணம் வல்லை வெளியில் நடந்தது மட்டுமில்லை. ஒரு கிழமை கழித்து, வான் நின்ற கராச்சுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் சொற்களைக்கூட அடுக்கிக்கொண்டு போனேன். கராச் வைத்திருப்பவன் என் பழைய மாணவன். இயந்திரத்தைக் கழற்றி, வெடித்த பாகத்தை நிலத்தில் வைத்திருந்தான். அண்ணை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பெல்ட் இல்லாமல் ஆர் அண்ணை ஓடச் சொன்னது?" என்று அவன் கேட்டான். "எங்கடை சேரும் வானுக்குள்ளை இருந்தவரெல்லோ?"

அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"மாஸ்டர் நிப்பாட்டச் சொன்னவர் தம்பி. நான்தான் கேக்காமல் ஓடிப்போட்டன்."

மாணவன் என் பக்கம் திரும்பினான். "நீங்கள் சொல்லியுமோ சேர்?"

"ஓம், சொன்னனான்" என்றேன்.