வலது கைக்கு மட்டும் ஒரு கையுறை

என் தங்கை ஜெபா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும் முன் நகம் வெட்டுவாள். இடது கையில் மட்டும். அதைச் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டு, வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நகங்களை நைசான உப்புத்தாளில் மெல்லத் தேய்ப்பாள். பத்து வருடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் தெருவே அவளைக் கேலி செய்தது. எதிர் வீட்டுக் குணசுந்தரி அக்கா, "இன்னாடி, ஒரு கை சினிமா ஸ்டாரு, ஒரு கை சித்தாளா?" என்பார்.

"சித்தாளு இல்லன்னா ஸ்டாருக்கு ஏதுக்கா சோறு?" என்பாள் ஜெபா.

சர்ச்சில் கிட்டார் பழகியவள், பதினேழு வயதில் வேப்பேரியில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். ஃபிளமெங்கோ என்று ஸ்பெயின் நாட்டு வாசிப்பு. நான்கு வருடம் ஞாயிறு தவறாமல் ரயிலில் போய் வந்தாள். அந்த வாசிப்பில் நகம்தான் எல்லாம். மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தால் நகத்தின் முதுகு ஆறு தந்திகளையும் உரசிப் போகும். கோணி கிழிந்து நெல் கொட்டுவது போல இருக்கும் அந்தச் சத்தம்.

அந்த வாசிப்புக்கு அவளே தமிழில் பாட்டு எழுதினாள். வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் உட்கார்ந்துதான் எழுதுவாள். 'வேன் வருது, வேன் வருது, லிஸ்டுல எம்பேரு இருக்குதா' என்று ஒன்று. சென்னையில் சின்னச் சின்ன இடங்களில் பாடுவாள். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். ஒரு முறை நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். அவள் எங்கள் பக்கத்து சிப்காட் தொழிற்பேட்டையைப் பார்த்திருக்கக்கூட மாட்டாள்.

போன வருடம் விமல் என்பவர் அவளுடைய ஆறு பாடல்களைப் பதிவு செய்வதாகச் சொல்லித் தேதியும் குறித்தார். அந்த மாதம்தான் கும்மிடிப்பூண்டி வால்வு கம்பெனியில் அவளைப் பேக்கிங்கிலிருந்து டிரில்லிங் மெஷினுக்கு மாற்றினார்கள். ஆயில் கலந்த தண்ணீரில் நகம் ஊறியது, இரும்புச் சீவல் பட்டு உடைந்தது. இரண்டு வாரத்தில் இரண்டு நகம் போயிற்று.

"அக்கா, கிளவுஸ் ஒண்ணு தச்சுக் குடு. வலது கைக்கு மட்டும்."

"டிரில்லுல கிளவுஸ் போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கன்னு நீதானே சொன்ன?"

"தொளதொளன்னு இருந்தாத்தான் சிக்கும். நீ டைட்டா தை. ரெக்கார்டிங் வரைக்கும் பதினெட்டு நாளுதான்க்கா."

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். வீட்டில் தையல் தைக்கிறேன். எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. கம்பெனி விஷயம் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கெட்டிப் பருத்தித் துணியில், விரல் விரலாக அளவெடுத்து, மணிக்கட்டில் எலாஸ்டிக்கை இரண்டு சுற்று வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்து, "தோலு மாதிரி இருக்குதுக்கா" என்று சிரித்தாள்.

சூப்பர்வைசர் பரசுராமன் அதைப் பார்த்திருக்கிறார். "இன்னாம்மா இது, பேஜாராயிடப் போவுது" என்றாராம். அன்றைக்கு ஆள் குறைவு. "இந்த டார்கெட்ட முடிச்சிட்டுக் கழட்டிடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். மறுநாள் அதுவும் சொல்லவில்லை.

ஒன்பதாவது நாள் சீவலைத் தள்ளிவிடக் கை நீட்டியபோது, சுற்றுகிற டிரில் கையுறையின் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து மெஷினில் இருந்த காயத்ரி ஓடிப் போய் சுவிட்சை அணைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் சொன்னாள்: "லூசா இருந்திருந்தா உருவிக்கினு போயிருக்கும்க்கா. அது கழலவே இல்ல." அதைத் தைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது.

வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். 'ஊழியர் தானே கொண்டுவந்த கையுறை' என்று கம்பெனி அறிக்கையில் எழுதினார்கள். அது பொய் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள், நான் இறுக்கித் தைத்ததால்தான் என்று வாய் திறந்தேன்.

"நான் கேட்டேன், நீ தச்ச. உடுக்கா" என்று ஜெபா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

விமல் வீட்டுக்கு வந்தார். வேறொருவர் வாசிக்கட்டும், நீங்கள் பாடுங்கள் என்றார். ஜெபா போனாள். ஒரு பாட்டு பாடிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். "சுத்தமாத்தான் வாசிக்கிறான். நான் எங்க மூச்சு வாங்குவேன்னு அவனுக்குத் தெரியல" என்றாள். மற்ற ஐந்தும் பதிவாகவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அதே கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். கிட்டாரை ஆரம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டு எழுதுவதில்லை. முன்பு அவளுடைய சுடிதாரெல்லாம் நான்தான் தைப்பேன். இப்போது ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறாள்.