தவமணி அக்காவும் பிள்ளைக்காம்பராப் பெட்டியும்

போன் வந்தபோது நான் தலவாக்கலை கிளினிக்கில் ஒரு குழந்தையைத் தராசில் கிடத்தியிருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து பேசினார்கள்.

"மிஸ்ஸி, அஞ்சாம் நம்பர் மலையில குளவி கொட்டிருச்சு. கொட்டு வாங்குனவங்கள லொறியில ஏத்தி அனுப்பியிருக்கோம். தவமணி அக்கா வழியிலயே முடிஞ்சிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் மருத்துவிச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "எந்தத் தவமணி?" என்று கேட்டேன். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கொழுந்து பறிக்கும் இன்னொரு தவமணி இருக்கிறார். குளவி கொட்டுவது தேயிலை மலையில் நிற்பவர்களைத்தானே. எனக்குத் தெரிந்த தவமணி அக்கா பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளோடு இருப்பவர். அந்த ஒரு கணம், அது கீழ்க்கணக்குத் தவமணியாக இருக்கட்டும் என்று என் மனம் வேண்டிக்கொண்டது. எவ்வளவு கெட்ட மனம் என்று பிறகுதான் உறைத்தது.

"நம்ம பிள்ளைக்காம்பரா அக்காதான் மிஸ்ஸி."

"அவங்க எதுக்கு மலைக்குப் போனாங்க?" என்று அதட்டினேன். செய்தி சொன்னவரை அதட்டி என்ன பயன். 

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். வீங்கிக் கிடந்த அந்த முகத்தை நான் அறியேன். இது வேறு யாரோ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன். அப்போது வலது கைச் சுட்டுவிரல் தெரிந்தது. அதில் ஈயம் பட்டுச் சுட்ட தழும்பு இருந்தது. அந்தத் தழும்புக்கு மருந்து போட்டவளே நான்தான். இனி மறுக்க வழியில்லை.

இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் அவரை அறியாதவர்களுக்கு அவர் யார் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பகலில் தங்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. அரசாங்கக் கடிதங்களில் அதற்கு நீளமான வேறொரு பெயர் உண்டு. கடிதத்துக்கு வெளியே அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தவமணி அக்கா அங்கே பொறுப்பாக இருந்தார். கணவருக்கு எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகன்மார் இருவரும் கொழும்பில். அக்கா அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரில் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. குழந்தைகளை நிறுக்கவும் ஊசி போடவும் நான் மாதாமாதம் அங்கே போவேன். எங்கள் சிநேகம் சண்டையில்தான் தொடங்கியது. அநேகமாகச் சண்டையாகவே வளர்ந்தது.

பிள்ளைக்காம்பராவில் அவர் செய்துவைத்த பெட்டியின் கதை, கொழுந்து பறிக்கும் செல்வராணியின் மூத்த மகளிடம் தொடங்குகிறது. பாலும் குடிக்காமல் கண்ணும் மூடாமல், தொண்டை கட்டும்வரை அழுகிற பிள்ளை அது. ஒவ்வொரு நாளும் நடுப்பகலுக்கு முன்பே செல்வராணியைக் கூட்டிவர ஆள் போகும். கூடையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் மலையில் இருந்து இறங்கி ஓடிவருவாள். முழுப்பேர் விழாது, அரைநாள் சம்பளம்தான். ஒருநாள் நான் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோதே, "நான் நாளையிலிருந்து வேலைக்கு வரலக்கா. பேர வெட்டிக்கட்டும்," என்றாள்.

"பேர வெட்டுனா நீ குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் கேப்பாங்க," என்றார் தவமணி அக்கா. "ஒம் புருசன் கொழும்புல கடையில படுக்கிறாரு. நீ பிள்ளையத் தூக்கிட்டு எங்க போய்ப் படுப்ப? எனக்குக் கொஞ்ச நாள் டைம் குடு."

அக்காவின் மகன் வேண்டாம் என்று வீட்டில் போட்டுவிட்டுப் போன ஒரு சின்ன எம்பி3 பிளேயர் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. குரலைப் பதியவும் செய்யும். ஆனால் காதில் மாட்டித்தான் கேட்க முடியும். இரண்டு கையிலும் பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? வைத்ததும் பாட வேண்டும், ஒரு விரலால் நிறுத்த முடிய வேண்டும், தவழும் பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. அப்படி ஒரு ஸ்பீக்கர்ப் பெட்டி செய்யப்போவதாகச் சொன்னார். கரண்டும் கைக்குழந்தையும் ஒரே அறையில் கூடவே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

"சரி மிஸ்ஸி," என்றார். "அப்ப நீங்களே வந்து உக்காந்து பகல் பூரா தாலாட்டுங்க."

அடுத்த தடவை போகும்போது, எங்கள் பழைய தராசு வந்த மரப்பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடியைத் தலவாக்கலை பஜாரில் டீவி திருத்தும் சிங்களக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தார். பெட்டியின் முகத்தில் இரண்டு வட்டம் அறுத்து ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். மேலே சோப்பு வைக்கும் ஒரு சவர்க்காரப் பெட்டியின் அடிப்பாதியை ஒட்டி, அதன் நடுவில் ஸ்பீக்கர் வயரின் இயர்போன் முள்ளை நிமிர்த்தி நிறுத்தினார். பிளேயரின் துளை அதன் தலையில் இருந்ததால் அதைக் கவிழ்த்துத்தான் செருக வேண்டும். எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும். அக்கா தலைகீழாகவே வாசிக்கப் பழகிக்கொண்டார்.

முதலில் வந்தது வெறும் இரைச்சல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார். வயரைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலை ஈயத்தால் பற்றவைக்காமல் விட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினாராம். பற்றவைத்துத் தருகிறேன் என்றவரிடம், தானே செய்வதாகச் சொல்லி, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் கையில் வாங்கிச் செய்தபோதுதான் விரல் வெந்தது. மருந்து போடும்போது நான் திட்டத் திட்ட, அவர் கவலையெல்லாம் வேறாக இருந்தது. "சத்தம் கொடத்துக்குள்ள பேசுற மாதிரி வருது மிஸ்ஸி. என்ன செய்யலாம்?" கடைசியில் கிழிந்த தலையணையின் பஞ்சை உள்ளே அடைத்தார். சத்தம் சரியாகிவிட்டது.

மாலையில் பிள்ளைகளை எடுக்க வந்த தாய்மாரை ஒவ்வொருவராகத் தாலாட்டுப் பாடவைத்துப் பதிந்துகொண்டார். மறுநாள் நானும் அங்கே இருந்தேன். பெட்டி செல்வராணியின் குரலில் பாடத் தொடங்கியதும் அவள் மகள் அழுகையை நிறுத்தினாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை தவழ்ந்து வாசலுக்குப் போனாள். பூட்டிய கதவைக் கையால் அடித்து, முன்னிலும் பெரிதாக வீறிட்டாள். அடுத்த குரல் வந்தபோது அந்தத் தாயின் பிள்ளை தொட்டிலில் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் அழுகை.

அக்கா பிளேயரை உருவி எடுத்தார். "தப்புப் பண்ணிட்டேன். அம்மா கொரலு கேட்டா அம்மா வரணும்ல. வரலேன்னா புள்ள என்ன நெனைக்கும்," என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு அவர் செய்ததை நானாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். உதவிக்கு இருந்த கலாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மலைக்கு ஏறினார். கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவில் பிளேயரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அவர்கள் எப்போதும்போல ஊர்க்கதை பேசினார்கள், ஏசினார்கள், சிரித்தார்கள். நிரைக்கு நிரை கூப்பிட்டுக்கொண்டார்கள். யார் குரல் என்று பிரித்தறிய முடியாத அந்தக் கலகலப்பைப் பெட்டியில் மெதுவாக வைத்தார். ஒரு பிள்ளையும் வாசலைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கண் மூடின. செல்வராணியின் மகளும் தூங்கினாள்.

வயிறு நன்றாகப் பெரிதாகும்வரை இந்தப் பெண்கள் மலையில்தான் நிற்கிறார்கள். இந்தப் பேச்சைப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே கேட்டுப் பழகியிருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். "இருக்கும் மிஸ்ஸி," என்றார் அக்கா. "சத்தம் போடாதீங்க." செல்வராணிக்கு அதற்குப் பிறகு ஆள் அனுப்ப வேண்டி வரவில்லை. வேலையும் நிலைத்தது, காம்பராவும் நிலைத்தது.

அந்தப் பதிவால் ஒரு கூத்தும் நடந்தது. கொழும்பில் இருந்து பிள்ளைக்காம்பரா பார்க்க வந்தவர்களை, மலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா அழைத்துவந்தார். எல்லோரும் அமைதியாக நின்று தூங்கும் பிள்ளைகளை ரசித்துக்கொண்டிருந்தபோது பெட்டி பேசியது. "கண்டாக்கு ஐயாவோட காச்சட்டையப் பாருடி. பின்னால கிழிஞ்சு ஊசி குத்திக்கிட்டு நிக்கிறாரு." "நீ ஏன்டி அங்க பாக்குற?" பெட்டிக்குள் பெரிய சிரிப்பு. ஐயாவின் கை தானாகப் பின்னால் போனது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். தவமணி அக்கா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "பிள்ளைங்க தூங்குதுங்க. வெளிய போய்ப் பேசலாம் ஐயா," என்றார். ஐயாவும் பூனைபோல வெளியே நடந்தார்.

வருடங்கள் போயின. பதிவில் பேசிய பெண்களில் பாதிப் பேர் இப்போது தோட்டத்தில் இல்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். செல்வராணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பையன், மூத்தவளையும் மிஞ்சிய பிடிவாதக்காரன். பழைய பதிவுக்கு அவன் மசியவில்லை. செல்வராணிக்கு மறுபடி ஆள் போகத் தொடங்கியது. "இப்ப மலையில நிக்கிறவங்க பேச்சுதான் வேணும் அவனுக்கு. போய் எடுத்துட்டு வந்துர்றேன்," என்று கலாவிடம் சொல்லிவிட்டு அக்கா மலைக்குப் போனார். அதனால்தான் போனார். போனில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்த மலையில் குளவிக்கூடு இருப்பதைப் பெண்கள் தோட்டத்து ஆபீசில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கூடு அப்படியே இருந்தது.

நடந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில், வீங்கிய உதட்டோடு செல்வராணி சொன்னாள். "நாங்க இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்துத் தலையோட மூடிக்கிட்டு, தேயிலைக்கு அடியில படுத்துட்டோம் மிஸ்ஸி. அக்காகிட்ட என்ன இருக்கு? சேல முந்தானதான். எம் படங்குக்குள்ள வாங்கக்கான்னு இழுத்தேன். 'ரெண்டு பேருக்குப் பத்தாதுடி, கைய உள்ள இழுத்துக்க'ன்னுட்டு ஓடுனாங்க."

 'பத்தாதுடி' என்ற அந்த வார்த்தை என் காதில் அப்படியே நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் கேட்கிறது. சோறு பத்தாது என்று சொல்வதுபோல எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பிளேயர் புதருக்குள் எங்கோ விழுந்துவிட்டது. அந்த மலைக்கு யாரும் இன்னும் போகவில்லை.

அடக்கம் முடிந்தது. மலைக்குப் போக மாட்டோம் என்று இருந்த பெண்கள் வேறு மலையில் வேலைக்கு இறங்கினார்கள். இறங்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பிள்ளைக்காம்பராவைக் கலா திறந்தாள். பேச்சில்லாத பெட்டி சன்னலில் இருந்தது. பிள்ளைகள் அழுதன. கட்டு அவிழ்க்காத முகத்தோடு செல்வராணி மறுபடி மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குமாக ஓடினாள். "மிஸ்ஸி, இந்தத் தடவ நான் வேலைய விட்டு நின்னுருவேன் போல இருக்கு," என்றாள்.

கொழுந்து நிறுத்து முடிந்த மாலையில் பெண்களைப் பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொன்னேன். என் போனை நடுவில் வைத்து, "பேசுங்க, மலையில பேசுற மாதிரி," என்றேன்.  ஊரையே வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் சுவரில் சாய்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் வெறும் மூச்சைப் பதிந்துகொண்டிருந்தது.  நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"கை கழுவுனியா, கை கழுவுனியான்னு உசிர எடுப்பாங்க," என்றாள் செல்வராணி திடீரென்று. யாரைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. "கழுவிட்டு வந்தாலும் நம்ப மாட்டாங்க. கையப் புடிச்சு மோந்து பாப்பாங்க."

"ஒங் கையவா? எம் புருசன் கைய மோந்து பாத்துட்டு, சுருட்டக் குடிச்சுட்டுப் புள்ளையத் தூக்காதன்னு வெரட்டிட்டாங்க."

"திருவிழாவுக்கு ஒரு பச்சச் சேல கட்டுவாங்களே…"

"அத வாங்குன கத தெரியுமா? கடைக்காரன் அழுதுட்டான்டி."

அதன் பிறகு யாரை யார் மறித்துப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இருட்டும்வரை பேசினார்கள். அழுதார்கள், ஏசினார்கள், ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் என் போனை முள்ளில் செருகி அதைப் பெட்டியில் வைத்தோம். செல்வராணியின் பையன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு கை விரலைச் சப்பியபடியே தூங்கிப்போனான். ஆள் போகும் நேரம் கடந்தது. மலைக்கு யாரும் ஓடவில்லை. நான் தொட்டில்களுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குரல்களுக்கு மேலே ஒருத்தி வாய்விட்டு, நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். அக்காவைப் புதைத்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, யார் இவள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கலாவிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்கதான் மிஸ்ஸி."

எனக்குச் சிரித்ததாக நினைவே இல்லை. ஆனால் அது நான்தான்.

அக்கா, நீங்கள் இல்லை என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போகிறவரை மறித்து நிற்கக்கூடாது. போய் வாருங்கள். நாங்கள் இங்கே உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.