கீழேயிருந்து தட்டினால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்

இது நடந்தது. நடந்த இடம் சதுரங்கப்பட்டினம். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடுநிசி, மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம் என்று எழுதுகிறார்களே, அந்தக் குப்பையெல்லாம் இதில் கிடையாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில். தெருவில் மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

என் பெயர் தனகோடி. ஊர் சிங்கப்பெருமாள் கோயில். பழைய மரத்தரையைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது தொழில். எவ்வளவு பகட்டான வீடாக இருந்தாலும் சரி, தரையைத் தேய்த்தால் அந்தக் குடும்பத்தின் வண்டவாளம் எனக்குத் தெரிந்துவிடும்.

ஹரிகிருஷ்ணன் வீட்டில் மாடி முழுக்கத் தேக்குப் பலகை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதே பலகைதான் கூரை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பிரதீபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாடி ஹாலில் உட்கார வைக்கப் போகிறார்.

"ஆணி ஓட்டை ஒண்ணு விடாம அடைச்சிடுங்க. அன்னைக்கு எங்க அக்கா கீழ் ரூம்ல இருப்பாங்க. சத்தம் மேல வரக் கூடாது" என்றார்.

அக்கா பெயர் ரோகிணி. மனநிலை சரியில்லையாம். நான் பார்த்தவரை, வாசலில் உட்கார்ந்து தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த வீட்டில் வேலைக்கு வந்த எங்களை "டீ குடிச்சீங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் அவர். அவரை அடைக்கப்போகிற அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து மூடியிருந்தார்கள். சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை. சம்பந்தி வீட்டாருக்கு அக்கா இருப்பதே தெரியக் கூடாதாம். படித்த மனுஷன், பென்ஷன் வாங்குகிறவன். த்தூ.

வேலை வேலைதான் என்று ஆரம்பித்தேன்.

ஹாலின் ஒரு மூலையில்தான் முதல் கோளாறு. ஆணி என்றால் அடியில் உத்திரம் ஓடுகிற இடத்தில் அடிப்பார்கள். இங்கே உத்திரமே இல்லாத இடத்தில் கொத்துக் கொத்தாக ஓட்டை. இன்னொன்று. மேலிருந்து அடித்தால் மரச் சிலாம்பு அடிப்பக்கம் பெயரும். இங்கே மேல்பக்கம் பெயர்ந்திருந்தது.

ஆணி கீழேயிருந்து வந்திருக்கிறது.

என் மச்சான் கலையரசன் குனிந்து பார்த்தான். "கீழ இருந்து இன்னாத்துக்கு மாமா ஆணி அடிக்கணும்?"

"எவனாவது குடிகாரன் அடிச்சிருப்பான். வேலையப் பாரு."

தேய்த்த தூளையே பசையில் குழைத்து ஓட்டையில் திணிப்போம். விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். மாடியில் நல்ல வெயில் அடிக்க வேண்டும், கீழ் அறை இருட்டாக இருக்க வேண்டும். அடைபடாத ஓட்டை கீழே நிற்பவனுக்கு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அவன் நீளக் கம்பால் அந்த இடத்தைத் தட்டுவான். நான் மேலே அதைத் தேடி அடைப்பேன். கலையரசன் கம்பை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னல் மூடிய அறைக்கு இறங்கிப் போனான்.

டக்.

அடைத்தேன்.

டக். அடைத்தேன். உச்சி வெயிலில் வேலை மளமளவென்று நடந்தது. மூலைக்கு வந்தேன்.

டக் டக்.

அடைத்தேன். மறுபடி அதே இடம். டக் டக். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓட்டை நன்றாகத்தான் அடைபட்டிருந்தது.

"டேய், கண்ணு பொட்டையா? அடைச்சாச்சுடா" என்று தரையைப் பார்த்துக் கத்தினேன்.

டக் டக் டக்.

இன்னும் கொஞ்சம் குழைத்து, கரண்டியால் அழுத்தித் திணித்தேன். கரண்டியை எடுத்ததும்...

திணித்தது மேலே வந்தது. மெதுவாக, அச்சிலிருந்து இடியாப்பம் வருகிற மாதிரி. தானாக. பக்கத்து ஓட்டையிலும். அதற்கடுத்த ஓட்டையிலும்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது, பயமில்லை. கம்பி வைத்துக் குத்தி விளையாடுகிறான் தடிப்பயல் என்று நினைத்தேன். திட்டுவதற்காக எழுந்தபோது ஜன்னல் வழியே தெரு தெரிந்தது.

டீக்கடை வாசலில் கலையரசன் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையில் கம்பு. நாயை விரட்டிக்கொண்டிருந்தான்.

டக்.

என் காலுக்கு அடியில்.

நகர்ந்தேன். டக். நகர்ந்த இடத்துக்கே வந்தது...

குனிந்து ஒரு ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

கீழேயிருந்து ஒன்று விரலைத் தொட்டது.

மெல்லியதாக. கூராக. சில்லென்று.

நகம்.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு கட்டில், வேறு எதுவும் இல்லை. மூலையில் மட்டும் கூரையில் வெளிச்சப் புள்ளிகள். அங்கே நான் அடைத்த அத்தனையும் திறந்திருந்தன. அந்தக் கூரை கலையரசன் கட்டில்மேல் ஏறி நின்றால்கூடக் கைக்கு எட்டாது.

தரை தேய்க்கிற மெஷினைக் கட்டினேன். ஹரிகிருஷ்ணன் வழியை மறித்தார்.

"பாதியில போனா எப்படிங்க?"

"உங்க அக்காவ வெளிச்சத்துல வைங்க சார். எனக்கு இந்த வேலை வாணாம்."

"இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்" என்றார். இன்னொரு ஆளைப் பிடித்து, எதையோ ஊற்றி எல்லாவற்றையும் அடைத்து முடித்தார். எனக்கென்ன, அவர் வீடு.

ஏன் பாதியில் போனேன் என்று கேட்க அடுத்த வாரம் பிரதீபா போன் செய்தாள். மிச்சத்தை அவள்தான் சொன்னாள். சிறுசேரியில் வேலை பார்க்கிற பெண். அப்பாவைப்போல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாடியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டல் ஆரம்பித்ததாம். மாப்பிள்ளையின் அம்மா காலைத் தூக்கிக்கொண்டாராம். தட்டல் நிற்கவில்லை. ஹரிகிருஷ்ணன் பொறுக்க முடியாமல், "அக்கா, சும்மா இரு" என்று தரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் தன் வாயாலேயே. வேண்டும் அந்த ஆளுக்கு.

"அத்தை கீழ இல்லவே இல்ல அண்ணா" என்றாள் பிரதீபா. "சனிக்கிழமை ராத்திரியே நான் என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. பார்க்காமலே ரூமைப் பூட்டிச் சாவியப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்."

கேட்டே விட்டேன். "அந்த ரூம்ல முன்னாடி யார்மா இருந்தாங்க?"

"தாத்தாவோட தங்கை, சாரதாம்பாள். தாத்தா கல்யாணத்துக்கு ஒரு நாள் மட்டும்னு உள்ள வச்சுப் பூட்டினாங்களாம். அப்புறம் அங்கயே விட்டுட்டாங்க. அங்கயேதான் செத்தும் போனாங்க."

"அவங்களுக்கும் மனசு சரியில்லையா?"

"இல்ல அண்ணா. மனசெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம். பிறவியிலேயே ரெண்டு காலும் வராது. ஒரு நாள்கூட எழுந்து நின்னதில்லயாம்."