திவ்யாவின் முதல் ஆல்பமும் ஐயனார் கோயில் மணியும்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவாதவூரில் மூட்டை தூக்கிய அதே ரைஸ் மில்லைப் பின்னாளில் விலைக்கு வாங்கியவன். சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கே விளங்காத பிள்ளையாக வளர்ந்தாள் என் மகள் திவ்யா.

இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, கூடப் படித்த முத்துமீனாவோடு மில் மாடியில் ஒரு வருஷம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தாள். எலக்ட்ரானிக் மியூசிக்காம். இரண்டு பேர்தான் மொத்தக் கச்சேரியும். முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. ஒன்றிலும் ஒரு வார்த்தை கிடையாது. பாட்டு என்றால் யாராவது பாட வேண்டாமா?

"வெள்ளிக்கிழமை வெளியிடுறோம்ப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் முதல் மூட்டையும் முதல் வண்டியும் ஐயனாருக்குக் காட்டாமல் நகராது. "மொதல்ல கோயில்ல போடுவோம். சனம் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா உன் இஷ்டம். எந்திரிச்சுப் போச்சுன்னா, திங்கக்கிழமை வேலைக்குக் கெளம்பிரணும்" என்றேன்.

"சரிப்பா. ஆனா குழாய் ஸ்பீக்கர் வேணாம். பாதிச் சத்தம் அதுல வராது."

"நாலு ஊருக்குக் கேக்கும். பேசாம இரு."

புதன்கிழமை நானே நின்று கோயில் வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்ட வைத்தேன். சாயங்காலம் சனம் வந்து உட்கார்ந்ததும் திவ்யா ஆல்பத்தைப் போட்டாள். கேட்டதெல்லாம் டிக், டிக், டிக். பல்லி கத்துவது போல. என் பங்காளி சோணை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அண்ணே, பாட்டு எப்பப் போடுவாக?"

"ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கு."

"நான் மைக்செட் லைன் பாக்குறாகன்னுல்ல நெனச்சேன்!"

ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். முத்துமீனா அழுதேவிட்டாள். திவ்யா மைக்செட் அழகுராஜாவிடம் ஓடினாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய பாக்ஸ் வண்டியில இருக்குல்ல? எறக்குங்கண்ணே!"

அவன் என்னைப் பார்த்தான். என்ன நினைத்தேனோ, தலையை ஆட்டிவிட்டேன்.

பாக்ஸ் மாட்டியதும் தரைக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒன்று கிளம்பி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இலை அசையவில்லை, கோயில் மணிகள் மட்டும் தானாக நடுங்கின.

"அண்ணே, சாமி எறங்கிருச்சு!" என்று கும்பிட்டபடி சோணை உட்கார்ந்தான். பின்னாலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். எட்டாவது பாட்டு முடியும்வரை ஒருவரும் அசையவில்லை.

பாட்டுக்கு உட்கார்ந்தார்களா, மணிக்குப் பயந்தா? என் உடம்பெல்லாம் சிலிர்த்ததே, அது எதற்கு? பிடிபடவே இல்லை.

"உக்காந்துதானப்பா இருந்தாக?" என்றாள் திவ்யா.

"உக்காந்துதான் இருந்தாக" என்றேன். சொன்ன சொல் மாறி எனக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை அவள் எங்கும் போகவில்லை. ஜெயித்தது மகளா ஐயனாரா என்று ஊரில் கேட்கிறார்கள். தெரிந்தால் சொல்ல மாட்டேனா?