பொம்மையோடு பஸ்ஸில் வந்தவர்

எங்கள் மாம்பழக்கூழ் ஆலைக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்க வந்தவர், ஒரு மனிதப் பொம்மையைத் தோளில் சாய்த்தபடி பென்னாகரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒல்லியான ஆள், கழுத்தில் துண்டு. ஒவ்வொருவரும் பொம்மையின் நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதிப் பழகியதும், அந்தத் துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். நாற்பது பேருக்கும் இப்படியே! வெளியே மாங்காய் லாரிகள் காத்துக் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு போட்டோ எடுத்துட்டு சர்டிபிகேட்டக் குடுங்க சார்” என்றேன்.

நாற்பது பேரும் பழகி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கு மட்டும் இல்லை.

“மேனேஜருங்க நான்! இதை ஏற்பாடு பண்ணுனதே நான்தான்.”

“நீங்க பொம்மையத் தொடவே இல்லீங்களே. நீங்க விழுந்தா இவங்க காப்பாத்திருவாங்க. இவங்க விழுந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

அந்த மனிதர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால், ஆலையில் யாராவது தலைசுற்றி உட்கார்ந்தால் அந்த நாற்பது பேரில் ஒருவரைத் தேடி முதலில் ஓடுவது நான்தான்.